பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு கணினி

ஒரு கணினியை வாங்குவது வேறு, அதை வேலைக்குத் தயார்செய்வது வேறு. வன்தட்டைப் பிரித்து, இயங்குதளத்தைப் போட்டு, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து முடிப்பவர் யாரோ, அந்தக் கணினி முதலில் அவருக்குத்தான் பழகுகிறது. விழிப்புலனற்ற ஒருவர் இந்த வேலைக்குக் காலாகாலமாக இன்னொருவரை நம்பியே இருந்தார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்றால் இரண்டு பேரை நம்ப வேண்டும்: திரையைப் பார்க்க ஒருவர், அதில் உள்ள ஆங்கிலத்துக்குப் பொருள் சொல்ல ஒருவர். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த நம்பியிருத்தல் எவ்வளவு குறைந்திருக்கிறது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மடவளையில் இருந்து எழுதிப் பார்க்கிறேன்.

கண்டி மாவட்டத்தில், கட்டுகஸ்தோட்டையில் இருந்து வத்தேகம பக்கம் போகிற வழியில் இருக்கும் ஊர் மடவளை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர். சிங்களமும் தினசரிப் பேச்சில் கலந்திருக்கும். மதீனா தேசிய பாடசாலை எங்கள் ஊரின் பெரிய பாடசாலை. தமிழில் படித்து, சிங்களத்தில் வியாபாரம் செய்து, ஆங்கிலத்தில் விண்ணப்பப் படிவம் நிரப்பும் ஊர் இது. மொழிச் சிக்கல் இங்கே யாருக்கும் புதிதல்ல. அந்தச் சிக்கலோடு பார்வைக் குறைபாடும் சேரும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

அன்று

2000ஆம் ஆண்டை ஒட்டிய நாட்களில் எங்கள் பக்கத்தில் கணினி என்றால் பஸாரில் ஒரு வகுப்பு, அதில் நாலைந்து பழைய பெட்டிகள். விண்டோஸ் சீடி கைமாறிக் கைமாறி வரும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பெயரைப் பேராதனைப் பல்கலைக்கழகம் போய் வந்த பிள்ளைகள் சொல்லித்தான் கேள்விப்பட்டோம். அதை நிறுவுவது ஒரு வித்தை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலக் கேள்விகள் வரும். ஒரு கேள்விக்குத் தவறாக விடை சொன்னால் வன்தட்டில் இருந்த எல்லாம் போய்விடும்.

1993இல் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன் திட்டம், லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் அன்றைய வழங்கல்களில் முக்கியமானது. தன்னார்வலர்களே கட்டியெழுப்பும் வழங்கல் அது. 2002 ஜூலையில் வந்த அதன் 'வுடி' பதிப்புவரை, இயங்குதளத்தைக் கணினியில் ஏற்றும் பழைய நிறுவிதான் இருந்தது. அதை நெகிழிவட்டுக் காலத்துக் கருவி என்றே சொல்ல வேண்டும். தமிழ் எழுத்து அந்தத் திரையில் தோன்ற வழியே இல்லை.

பார்வையற்றவர்களின் நிலை இன்னும் கடினம். உலகம் முழுவதும் அவர்களில் கெட்டிக்காரர்கள் தங்களுக்கான வழியைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். புனேயில் வளர்ந்து, பதின்ம வயதில் பார்வையை இழந்த டி. வி. ராமன் 1995இல் ஈமாக்ஸ்பீக்கை வெளியிட்டார். ஈமாக்ஸ் என்னும் தொகுப்பிக்குள் எழுதுவது, வாசிப்பது, மின்னஞ்சல் பார்ப்பது எல்லாவற்றையும் செவிவழியாகச் செய்ய வைத்த மென்பொருள் அது. அதே ஆண்டில்தான் பிரெயில் காட்சிப் பலகைகளை லினக்ஸுடன் இணைக்கும் பிஆர்எல்டிடிவை மென்பொருளும் பிறந்தது. கனடாவில் கர்க் ரைசர் 'ஸ்பீக்கப்' என்ற திரை வாசிப்பானை லினக்ஸ் கருவுக்குள்ளேயே (கர்னல்) எழுதினார்.

ஆனால் இவை எல்லாம் இயங்குதளம் ஏறிய பிறகு உதவுபவை, அல்லது விசேஷமாகத் திருத்திக் கட்டிய சீடி இருந்தால் உதவுபவை. பேச்சு வேண்டும் என்றால் டெக்டாக் போன்ற தனி வன்பொருள் பெட்டி வேண்டும். பிரெயில் காட்சிப் பலகையின் விலையோ ஒரு நல்ல கணினியின் விலையைத் தாண்டும். இலங்கையில் 1912இல் மேரி சாப்மன் தொடங்கிய, இன்று இரத்மலானையில் உள்ள செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலையில் பிரெயில் கற்ற தலைமுறைகள் இருந்தார்கள். கைதடி நஃபீல்ட் பாடசாலையில் தமிழ்ப் பிள்ளைகள் கற்றார்கள். அவர்களுக்குப் பிரெயில் தெரியும், தமிழ் தெரியும், படிப்பில் ஆசையும் இருந்தது. கணினியின் முதல் திரைக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது.

அதனால் எங்கும் நடந்தது ஒன்றே. பார்வையுள்ள நானாவோ தம்பியோ பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப ஒரு கேள்வி வருது, யெஸ் குடுக்கவா?" என்று கேட்பார். சொந்தக்காரர் தலையாட்டுவார். கேள்வி என்ன, யெஸ் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. கடவுச்சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இன்னொருவர் அதைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

மொழி வந்த வழி

மாற்றம் 2005 ஜூன் மாதம் வந்தது. 'சார்ஜ்' பதிப்புடன் டெபியன் முற்றிலும் புதிதாக எழுதிய நிறுவியை வெளியிட்டது. ஜோய் ஹெஸ் உள்ளிட்ட பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்த வேலை அது. நிறுவியைத் துண்டு துண்டான சிறு பொதிகளாகப் பிரித்தார்கள். பயனரிடம் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றையும் நிரலில் இருந்து பிரித்தெடுத்துத் தனிக் கோப்புகளில் வைத்தார்கள். இந்த ஒரு முடிவுதான் பின்னால் வந்த அத்தனைக்கும் அடித்தளம்.

கேள்வி நிரலுக்கு வெளியே வந்ததும் அதை மொழிபெயர்க்க நிரலாளர் தேவையில்லாமல் போனது. மேலே ஆங்கில வரி, கீழே வெற்றிடம். வெற்றிடத்தில் தமிழை எழுதினால் போதும். பிரான்சின் கிறிஸ்டியன் பெரியே இந்த மொழிபெயர்ப்பு வேலையைப் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்தார். ஒவ்வொரு மொழிக்கும் ஆள் தேடுவது, ஆறிப்போன குழுக்களைத் தட்டியெழுப்புவது, வெளியீட்டுக்கு முன் விடுபட்ட வரிகளைக் கேட்டு வாங்குவது எல்லாம் அவர் பார்த்த வேலை. சார்ஜ் வெளிவரும்போது ஏறக்குறைய 40 மொழிகள் சேர்ந்திருந்தன. தமிழ் அதில் இல்லை.

காரணம் ஆள் பற்றாக்குறை மட்டும் அல்ல. லினக்ஸின் எழுத்துத் திரை சதுரம் சதுரமான கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 512 எழுத்துருக்களைத்தான் அது ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும். 'கொ' என்று எழுதிப் பாருங்கள். நினைவகத்தில் ககரம் முதலில் இருக்கிறது, ஒகரக் குறி பின்னால் வருகிறது. திரையிலோ அந்தக் குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் நிற்க வேண்டும். 'கு', 'கூ' என்றால் எழுத்தின் உருவமே மாற வேண்டும். கட்டத்துக்கு ஒன்று என்று அடுக்கும் திரைக்கு இது முடியாத காரியம். தமிழ் 1991இலேயே யுனிகோட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் குறியேற்றம் இருந்தும் அதை வரைய அந்தத் திரைக்குத் தெரியவில்லை.

2007 ஏப்ரல் 8ஆம் திகதி வந்த 'எட்ச்' பதிப்பு இதைத் தீர்த்தது. அதில் முதன்முறையாக வரைகலை நிறுவி வந்தது. சிக்கலான எழுத்துகளை வரையத் தெரிந்த ஜிடிகே நூலகத்தின் மேல் அது கட்டப்பட்டிருந்தது. மொழிகள் 58 ஆயின. வங்காளம், குஜராத்தி, இந்தி, மலையாளம், நேபாளி, பஞ்சாபி, பூட்டானின் சோங்கா, கெமர் ஆகியவற்றுடன் தமிழும் இந்த வரைகலை வழியாகத்தான் உள்ளே வந்தது. பின்னர் சிங்களமும் வந்து சேர்ந்தது. பதிப்புக்குப் பதிப்பு எண்ணிக்கை ஏறி, 2023இல் வந்த டெபியன் 12இல் 78ஐத் தொட்டது.

இலங்கையிலும் அந்தக் காலத்தில் வேலை நடந்தது. 2003இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அமைந்தது. 2008இல் தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 தரநிலை வந்து, ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு நாட்டின் தரமானது. கண்டியைப் பார்த்து நிற்கும் மலைத்தொடரின் பெயரிலேயே 'ஹந்தான' என்று ஒரு லினக்ஸ் வழங்கலை, ஃபெடோராவை அடிப்படையாக வைத்து, நம் நாட்டவரே உருவாக்கினார்கள். சென்னையில் சீடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. நம்மால் முடியும் என்ற நம்பிக்கையை விதைத்த ஆண்டுகள் அவை.

குரல் வந்த வழி

மொழிக்காரர்கள் ஒரு பக்கம் உழைத்துக்கொண்டிருக்க, அணுகல் வசதிக்காரர்கள் மறுபக்கம் உழைத்தார்கள். ஆஸ்திரியாவின் மரியோ லாங் பார்வையற்றவர்; டெபியனின் அதிகாரபூர்வ உருவாக்குநர்களில் ஒருவர். டெபியனுக்குள் பிரெயில் ஆதரவை வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பிரான்சின் சாமுவேல் திபோ நிறுவியின் அணுகல் வசதிகளை ஆண்டாண்டாக விடாமல் கவனித்து வருகிறார். 2009 பெப்ரவரியில் வந்த 'லென்னி' பதிப்பில் வன்பொருள் பேச்சுப் பெட்டிகளுக்கு நிறுவியிலேயே ஆதரவு வந்தது. ஆனால் அந்தப் பெட்டி யாரிடம் இருந்தது? மடவளையில் நிச்சயமாக இல்லை.

ஏழைக்கும் எட்டும்படி குரலை இறக்கிவைத்தது ஒரு சின்ன மென்பொருள். ஜொனதன் டடிங்டன் எழுதிய ஈஸ்பீக். மனிதக் குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்டாமல், ஒலியலைகளைக் கணக்குப் போட்டே உண்டாக்கும் முறை அதனுடையது. குரல் இயந்திரத்தனமாக இருக்கும். ஆனால் பல மொழிகளைச் சேர்த்து வைத்தும் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். நிறுவி ஓடும்போது வன்தட்டு இன்னும் தயாராகவில்லை. எல்லாம் நினைவகத்தில்தான் ஓட வேண்டும். இனிய குரலைவிட இலேசான குரலே அங்கே உதவும். விண்டோஸில் 2006இல் தொடங்கி உலகெங்கும் பார்வையற்றோர் இலவசமாகப் பயன்படுத்தும் என்விடிஏ திரை வாசிப்பானுக்குள்ளும் இருப்பது இதே ஈஸ்பீக்தான். அதில் தமிழும் உண்டு.

2011 ஜனவரியில் வந்த 2.6.37 பதிப்பில் ஸ்பீக்கப் லினக்ஸ் கருவின் பொது மூலத்துக்குள் இடம்பிடித்தது. 2013 மே 4ஆம் திகதி 'வீசி' பதிப்பு வெளியானபோது, தனிப் பெட்டியும் பிரெயில் பலகையும் இல்லாமல், சாதாரண ஒலி அட்டை ஒன்றை வைத்துக்கொண்டே டெபியனை நிறுவலாம் என்று அறிவித்தார்கள். பார்வையற்ற ஒருவர் வெறும் காதொலிப்பானுடன் தன் கணினியைத் தானே முதலில் இருந்து கட்டும் உரிமை அந்த நாளில் டெபியன் பயனர்களுக்குக் கிடைத்தது.

இன்று

இன்று அது எப்படி நடக்கிறது என்று கிட்ட இருந்து பார்ப்போம். நிறுவியைப் போட்ட யூஎஸ்பியைச் செருகிக் கணினியை எழுப்புகிறோம். முதல் பட்டியல் தயாரானதும் ஒரு பீப் ஒலி கேட்கிறது. பழைய பயோஸ் கணினி என்றால் ஒரு தடவை, புதிய யூஈஎஃப்ஐ கணினி என்றால் இரண்டு தடவை. பார்க்காமலே கணினியின் வகை தெரிந்துவிடுகிறது. ஆங்கில எஸ் விசையை அழுத்தி என்டரைத் தட்டினால் பேச்சு நிறுவல் தொடங்கும். ஒன்றும் தட்டாமல் காத்திருந்தாலும் கொஞ்ச நேரத்தில் தானாகவே பேசத் தொடங்கும் ஏற்பாடும் இருக்கிறது. எந்த விசை என்று யாரும் சொல்லித் தராத ஒருவரை நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டைகள் இருந்தால், எதில் குரல் கேட்கிறதோ அதில் என்டரைத் தட்டினால் போதும். பிறகு ஒவ்வொரு கேள்வியும் எண்ணிட்ட பட்டியலாக வாசிக்கப்படுகிறது. எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் அடுத்த கேள்வி. விளங்கவில்லை என்றால் கேள்விக்குறியைத் தட்டி உதவி கேட்கலாம். வன்தட்டைப் பிரிப்பதில் இருந்து கடவுச்சொல் வரை எல்லாம் இப்படித்தான். முடிந்து மீண்டும் எழும்பும் கணினியும் பேசிக்கொண்டே எழும்புகிறது; நிறுவும்போது இருந்த பேச்சு அமைப்பு புதிய இயங்குதளத்துக்கும் கொண்டுபோகப்படுகிறது. யூஎஸ்பியில் இணைக்கும் பிரெயில் பலகை என்றால் நிறுவி தானே கண்டுகொள்ளும்.

மற்ற தளங்களும் மாறிவிட்டன. ஆப்பிள் 2005இல் மேக்கில் வொய்ஸ்ஓவர் திரை வாசிப்பானைச் சேர்த்தது. விண்டோஸின் நிறுவல் திரையிலும் இன்று அதன் திரை வாசிப்பானான நரேட்டரை எழுப்பலாம். புதிய தொலைபேசியை முதன்முதலில் திறக்கும்போதே குரலை இயக்கும் வழி அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. எங்கள் ஊரில் விழிப்புலனற்ற இளையவர் ஒருவர் தன் தொலைபேசியை எடுத்து வட்ஸ்அப் குரல் செய்தி அனுப்புவதை இன்று யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. அன்று அவருடைய வாப்பாவின் காலத்தில் கடிதம் வாசிக்கக்கூட அயல்வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டும் சேராத இடம்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

2013 அறிவிப்பைக் கவனமாக வாசித்தால் இரண்டு எண்கள் தெரியும். அன்று நிறுவி 73 மொழிகளில் கிடைத்தது. பேச்சில் கிடைத்தவை ஒரு டஜனுக்குச் சற்று அதிகம். இடையில் நிற்கும் ஐம்பது அறுபது மொழிகளில் பார்வையுள்ளவருக்கு ஒரு நிறுவி, பார்வையற்றவருக்கு வேறு ஒன்று. அவருடைய பிழை எதுவும் இல்லாமலே அவர் தன் மொழியை விட்டு வெளியே நிறுத்தப்படுகிறார்.

தமிழின் நிலையை யோசித்துப் பாருங்கள். தமிழ் எழுத்து வரைகலைத் திரையில்தான் சரியாக வரும் என்பதால் அது வரைகலை நிறுவிக்குள் வந்தது. பேச்சு நிறுவலோ எழுத்துத் திரையின் மேல் நிற்கிறது, ஏனென்றால் வாசிக்க எளிது அதுதான். இரண்டுமே சரியான முடிவுகள். இரண்டையும் நல்ல மனிதர்கள் நல்ல நோக்கத்தோடு எடுத்தார்கள். ஆனால் தமிழ் ஒரு வழியிலும் குரல் மறு வழியிலும் வந்ததால், இரண்டும் ஒன்றாகத் தேவைப்படுகிறவருக்குப் பாதை ஒடுங்கிவிட்டது. அதோடு பேச்சு நிறுவலின் முதல் கேள்வியே மொழி எது என்பதுதான். அந்தக் கேள்வி ஆங்கிலத்தில்தான் பேசப்படும். தமிழ் மட்டும் தெரிந்தவர் தமிழைக் கேட்டு வாங்குவதற்கே ஆங்கிலம் கேட்டு விளங்க வேண்டும்.

குரலின் தரமும் அப்படித்தான். தமிழில் எழுதுவது ஒரே ககரம். 'கடல்' என்பதில் ஒரு மாதிரி, 'தங்கம்' என்பதில் வேறு மாதிரி, 'மகன்' என்பதில் இன்னொரு மாதிரி ஒலிக்கிறது. இந்த விதிகளை எல்லாம் யாரோ உட்கார்ந்து ஈஸ்பீக்குக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், தமிழ் பேசும் ஒருவர் காதால் கேட்டுத் திருத்த வேண்டும். பல மொழிகளின் குரல்கள் முதல் வரைவு நிலையிலேயே இருப்பதாகவும், அந்த மொழி பேசுபவர்கள் வந்து திருத்த வேண்டும் என்றும் ஈஸ்பீக்கின் ஆவணமே கேட்கிறது. அழைப்பு திறந்தே இருக்கிறது. நாம்தான் போகவில்லை.

சட்டத்தில் நமக்கு இரண்டு உரிமையும் உண்டு. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2016இல் அதே உரிமைகளுக்கான ஐநா சமவாயத்தை இலங்கை உறுதிப்படுத்தியது. மொழி உரிமை ஒரு கோப்பில், அணுகல் உரிமை இன்னொரு கோப்பில். மென்பொருளில் நடந்ததேதான் அலுவலகத்திலும் நடக்கிறது: இரண்டையும் சேர்த்துக் கேட்பவருக்கு எந்த மேசையும் முழுப் பதில் தருவதில்லை.

ஒரு புதிய நெருக்கடியும் வந்திருக்கிறது. 2025 ஓகஸ்ட் 9ஆம் திகதி வந்த டெபியன் 13இல் பழைய 32பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. நன்கொடையாக வந்து பாடசாலை மூலையில் கிடக்கும் மிகப் பழைய பெட்டிகளை வைத்துப் பழகலாம் என்று நினைத்தவர்கள் இனிமேல் 64பிட் கணினி தேட வேண்டும். வேலையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட செலவு கூடும்.

நம் பங்கு

அன்று இல்லாதது தொழில்நுட்பம். இன்று தொழில்நுட்பம் இருக்கிறது. இல்லாதது தமிழ்க் காது. நிறுவியின் கேள்விகள் தமிழில் இருக்கின்றன. ஈஸ்பீக்கில் தமிழ்க் குரல் இருக்கிறது. பேச்சு நிறுவல் பத்தாண்டுக்கு மேல் ஓடித் தேறியிருக்கிறது. மூன்றையும் ஒரு மேசையில் வைத்து, தமிழ் பேசும் விழிப்புலனற்ற ஒருவரை உட்காரவைத்து, எங்கே தடக்குகிறது என்று குறித்தெடுக்கும் வேலைதான் மிச்சம். அதைப் பிரான்சிலோ ஆஸ்திரியாவிலோ இருப்பவர்கள் நமக்காகச் செய்ய முடியாது. அவர்கள் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டார்கள்.

பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு மாலை நேரம், ஒரு 64பிட் கணினி, ஒரு யூஎஸ்பி, ஒரு காதொலிப்பான் போதும். ஊரில் உள்ள விழிப்புலனற்ற பிள்ளையை அழைத்து விசைப்பலகையை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் தட்டாதீர்கள். அவருக்கு விளங்காத கேள்வியை எழுதுங்கள், குரல் தவறாக உச்சரித்த சொல்லை எழுதுங்கள். அந்தக் குறிப்பை டெபியனின் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஈஸ்பீக் திட்டத்துக்கும் அனுப்புங்கள். பேராதனையில் கணினி படிக்கும் மாணவர்களே, இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதைவிடப் பயனுள்ள தலைப்பு உங்கள் ஊரிலேயே வேறு இல்லை.

மொழிபெயர்ப்பில் தமிழ் வந்துவிட்டது, அணுகல் வசதியும் வந்துவிட்டது என்று தனித்தனியாகக் கணக்குக் காட்டினால் போதாது. தமிழ் மட்டும் தெரிந்த, பார்வையற்ற ஒருவர் யாருடைய கையையும் பிடிக்காமல் தன் கணினியைத் தானே நிறுவி முடிக்கும் நாள்தான் இந்த வேலை முடிந்த நாள்.